பொருள்: பணி நியமன ஆணை கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்:
உடன் வருபவர் – 1
(தங்கள் பதிவேட்டில் எனக்குள்ள பெயர் இதுதான்),
டல்லாஸ் புறநகர், டெக்சாஸ்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
குளோபல் மொபிலிட்டி பிரிவு,
என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனி.

பார்வை: 'குடும்பம் வெற்றிகரமாகக் குடியமர்ந்தது' என்னும் தங்கள் மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட மின்னஞ்சல் தங்கள் ஊழியர் பெயருக்கு வந்தது. அவர் மீட்டிங்கில் இருந்ததால் நான் படித்தேன். 'குடியமர்வு நிறைவு, கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதி, பக்கத்தில் பச்சை டிக் ஒன்றும் போட்டிருந்தீர்கள். அடியேன் சென்னையில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் சி.ஏ.வாக இருந்தவள். அடுத்தவர் கணக்கில் டிக் போடுவதுதான் பிழைப்பு. வவுச்சர் பார்க்காமல் டிக் போட்டால் எங்கள் சீனியர் ஃபைலைத் தூக்கிக் கடாசுவார். அந்த வளர்ப்புக் கோளாறினால், தாங்கள் மூடிய கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தேன்.

பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. இடம் மாற்றப்பட்ட ஊழியர் ஒருவர் என்று கணக்கு சொல்கிறது. வேலை பார்த்ததோ இரண்டு பேர். இரண்டாமவருக்கு நியமன ஆணையும் கிடையாது, பணியாளர் எண்ணும் கிடையாது. வேலை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நடந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்குக் கணக்கில் காட்டாத பாக்கி என்று பெயர். அதைக் கணக்கில் கொண்டுவரச் சொல்வதே இக்கடிதம்.

தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். விமான டிக்கெட் தந்தீர்கள். வந்து இறங்கியதும் ஒரு மாதம் தங்க சர்வீஸ் அபார்ட்மென்ட் தந்தீர்கள். ஜூமில் 'பண்பாட்டுப் பயிற்சி' வைத்து, யாராவது 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்று கற்றுத் தந்தீர்கள். அந்தப் பாடம் இன்றுவரை கைகொடுக்கிறது. முத்தாய்ப்பாக, 'உடன் வரும் துணைவர் கையேடு' ஒன்றும் வந்தது. தனிமை தோன்றினால் பூங்காவில் நடக்கலாம், நூலகத்தில் தன்னார்வத் தொண்டு செய்யலாம், மனசுக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. மனசுக்குப் பிடித்த ஒன்றை நான் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன், ஐயா. அதற்கு மாதக் கடைசியில் சம்பளமும் போட்டார்கள்.

நான் பார்த்த வேலைகளுக்கு வருகிறேன். முதலாவது, விசா. எச்-1பி மனுவுக்கான கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்பது சட்டம், அதைக் கட்டினீர்கள். பின்னால் வரும் எச்-4 குடும்பத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தீர்கள். தலைக்கு 205 டாலர் வீதம் மூன்று தலைக்கும் நாங்களே கட்டினோம். டிஎஸ்-160 என்னும் விண்ணப்பத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று அதில் பாகுபாடு கிடையாது. யாராக இருந்தாலும் அதே பாதுகாப்புக் கேள்விகள்தான். ஆகவே ஓர் இரவு, பாய் விரித்துப் படுத்திருந்த என் ஐந்து வயது மகன் சார்பாக, அவன் இனப்படுகொலையில் ஈடுபட்டதில்லை என்றும், சிறார்களைப் போருக்கு ஆள் சேர்த்ததில்லை என்றும் உறுதி கூறினேன். பணச் சலவை செய்ததுண்டா என்ற கேள்வியில்தான் கை கொஞ்சம் தயங்கியது. பாட்டி கொடுத்த ஐநூறு ரூபாய்க்கு அவன் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இருந்துவந்த நேர்காணல் விலக்கும் 2025 செப்டம்பர் 2 முதல் போய்விட்டது. அதனால் அவனுக்குத் தலை வாரி, அயர்ன் செய்த சட்டை போட்டு, 'அங்கிள் கேட்டால் மட்டும் பேசணும்' என்று பாடம் சொல்லி அழைத்துப் போனதும் இந்த இலாகாதான்.

இரண்டாவது, பெட்டி கட்டுதல். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். எங்கள் 230 வோல்ட் கிரைண்டர் அங்கே போனால் சுற்றாது, பெருமூச்சுதான் விடும் என்பதைத் தங்கள் கையேடு சொல்லவில்லை. 110 வோல்ட் மிக்ஸி கடையில் தனியாகக் கிடைக்கும் என்பதை எதிர்வீட்டு மாமிதான் சொன்னார். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. கடைசிப் பெட்டியைக் கைத்தராசில் தூக்கினால் 24-ஐத் தாண்டி நின்றது. எதையாவது எடுத்தாக வேண்டும். மகளின் கணக்குப் புத்தகங்களை எடுக்க முடியாது. இட்லித் தட்டை எடுத்தால் வீட்டில் கலவரம். எஞ்சியது என் சான்றிதழ் ஃபைல். பிளாஸ்டிக் உறை போட்ட பட்டங்கள், அனுபவக் கடிதங்கள், இன்ஸ்டிடியூட் கொடுத்த உறுப்பினர் சான்று, எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எடுத்து வெளியே வைத்தேன். தராசு சரியாக நின்றது. அடுத்த நாள் அம்மா அதை பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினாள்.

கறிவேப்பிலையும் அந்தப் பெட்டியில் ஏறவில்லை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி ஒன்று அந்தச் செடியில் குடியிருக்குமாம். வாசனைக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது பொறுக்கி ஓரம் வைக்கப்படுகிற பொருளை எங்கள் ஊரில் யாரைக் குறிக்கச் சொல்வார்கள் என்று தங்கள் சென்னை அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். அந்த இனத்தில் ஒன்றை மட்டும் முறைப்படி விசா கொடுத்து உள்ளே விட்டிருக்கிறார்கள்; அவள்தான் இதை எழுதுகிறாள்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். டெக்சாஸில் கிண்டர்கார்டனில் சேர, செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். என் மகன் பிறந்தது செப்டம்பர் 4. சென்னையில் யுகேஜி படித்துக்கொண்டிருந்தவன், மூன்று நாள் தாமதமாகப் பிறந்த குற்றத்துக்காக அடுத்த ஆகஸ்ட் வரை வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அதற்குக் கீழே ப்ரீ-கே என்று ஒன்று உண்டு. அதுவும் எல்லோருக்கும் இலவசமில்லை. வருமானம் குறைந்த குடும்பம், ராணுவக் குடும்பம், ஆங்கிலம் பேசவோ புரிந்துகொள்ளவோ தெரியாத குழந்தை என்று சில தகுதிகள் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருக்கிற தகுதி இந்தக் கடைசிதான் என்று நம்பிப் போனேன். சோதித்துப் பார்த்த அம்மையார் சிரித்துக்கொண்டே, 'உங்கள் பிள்ளை நன்றாக ஆங்கிலம் பேசுகிறான், வாழ்த்துகள்' என்றார். சென்னையில் அவன் படித்த பள்ளியில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். அபராதம் கட்டிக் கட்டிக் கற்ற ஆங்கிலம் இங்கே இலவச இடத்தைப் பறித்தது. தனியார் பகல் காப்பகத்தின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வந்து, அவனுக்கு யுகேஜி டீச்சராக நானே பொறுப்பேற்றேன். அந்தப் பதவிக்கும் தாங்கள் ஆணை வழங்கவில்லை.

மகளைச் சேர்க்கும்போது முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டு ஒப்பந்தம் தங்கள் ஊழியர் பெயரில். கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் அவர் பெயரிலேயே. வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4 காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. அந்த எண் இல்லாதவர் பெயரில் இங்கே ஒரு பில் போடவே கடைக்காரனுக்குக் கை கூசும். கவுண்ட்டரில் இருந்த பெண், 'நீங்கள் இந்த வீட்டில் வசிப்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா?' என்று மரியாதையாகத்தான் கேட்டார். கையில் இருந்த சாப்பாட்டுப் பையைக் காட்டலாமா என்று யோசித்தேன்.

இனி, கோப்பிலேயே பெரிய ஆட்சேபணைக்கு வருகிறேன். தங்கள் ஊழியர் தங்கள் சென்னைக் கிளையில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஒரே கம்பெனிக்குள் நாடு விட்டு நாடு மாற்ற எல்-1 என்றொரு விசா இருக்கிறது. அதில் வருபவரின் மனைவிக்கு எல்-2. 2021 நவம்பரிலிருந்து எல்-2 மனைவி தனி அனுமதி அட்டைக்குக் காத்திராமலே வேலைக்குப் போகலாம். எச்-4 மனைவி போகக் கூடாது. இருவரும் ஒரே விமானத்தில் வந்திருக்கலாம், ஒரே அபார்ட்மென்ட்டில் குடியிருக்கலாம், ஒரே படிப்புப் படித்திருக்கலாம். கீழ்த்தளத்தில் இருக்கும் எல்-2 அக்கா காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறார். மேல்தளத்து எச்-4 தங்கை பால்கனியில் நின்று டாட்டா காட்டுகிறாள். தங்கள் ஊழியருக்கு எந்த விசா பொருந்தும், பொருந்தாது என்று தங்கள் வக்கீல் தங்களுக்குச் சொல்லியிருப்பார். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் எந்தப் பெட்டியில் டிக் போட்டால் எந்த வீட்டில் ஒரு சம்பளம் நிற்கும் என்பதை, நிற்கப்போகிற சம்பளத்துக்குச் சொந்தக்காரியிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, ஆபீஸில் கேக் வெட்டி, வழியனுப்பு விழாவும் முடிந்த பிறகுதான் அது தெரியவந்தது.

எச்-4 காரர் வேலை பார்க்க வழியே இல்லையா என்றால், உண்டு. கணவரின் கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்னும் மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம். 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி அது. வந்த வருஷமே அதை எதிர்த்து வழக்கும் வந்து, பத்து வருஷம் கோர்ட் படிகளில் ஏறி இறங்கியது. அந்த ஐ-140 மனுவைப் போட வேண்டியது யார்? நானும் இல்லை, தங்கள் ஊழியரும் இல்லை, தாங்கள். எப்போது போடுவீர்கள் என்று இவர் கேட்டதற்கு, 'இரண்டு அப்ரைசல் பார்த்துவிட்டு யோசிக்கலாம்' என்று பதில் வந்தது. இவர் அப்ரைசலில் நல்ல பெயர் எடுத்தால் எனக்கு வேலை கிடைக்கும் என்பது புது மாதிரியான ஆள்சேர்ப்பு முறை. உலகத்தில் எந்த நேர்முகத் தேர்விலும் ஒருவர் பதில் சொல்லி இன்னொருவர் தேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிள்ளைகள் கதையும் அதே மனுவில்தான் தொங்குகிறது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது 1990-ஆம் வருஷச் சட்டத்தின் கணக்கு. இந்தியர்களில் பெரும்பாலோர் நிற்கும் வேலைவாய்ப்பு வரிசை 2025 கடைசியிலும் 2013-ஆம் வருஷத்துக்காரர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் மகளுக்கு வயது பதினொன்று. இருபத்தொன்று ஆனதும் அவள் யாரையும் சார்ந்தவள் இல்லை என்று எச்-4 அவளைக் கைகழுவிவிடும். தாங்கள் மனுப் போடுவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு அப்ரைசலும், இங்கே கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளக்கும் அவள் உயரத்தில் தெரிகிறது.

வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். ஆக, தங்கள் நிறுவனத்தில் எனக்கு நியமனம் கிடையாது, ஆனால் பணிநீக்கம் உண்டு. சம்பளம் வாங்கினால் சட்டமீறல். வாங்காமல் அதே வேலையைச் செய்தால் பாசம். ஊரில் இருந்து போன் செய்கிற பெரியம்மா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: 'உனக்கென்னடி, அமெரிக்காவுல சும்மாதானே இருக்க.' அவர் இரவு ஒன்பதரைக்கு இங்கே வந்து பார்க்க வேண்டும். சென்னை டீமுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. படுக்கை அறையில் தங்கள் ஊழியர் 'கால்' எடுக்கிறார். ஹாலில் இரண்டு பிள்ளைகள் சத்தமில்லாமல் சண்டை போடக் கற்றிருக்கிறார்கள். ஒருவன் கிள்ளுகிறான், மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அந்த நிசப்தத்தைத் தயாரித்து வழங்குவது யார் என்று தங்கள் கிளையன்ட்டுக்குத் தெரியாது. அதற்கு மணிக்கு இவ்வளவு என்று தாங்கள் அவரிடம் பில் போடுகிறீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. இனி யாரை அனுப்பினாலும், எந்த விசா, அதில் துணைவர் வேலை பார்க்கலாமா கூடாதா என்பதைக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, ராஜினாமாவுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

2. கிரீன் கார்டு வேலையை அப்ரைசலோடு முடிச்சுப் போடாமல் இந்த வருஷமே தொடங்க வேண்டும். ஐ-140 தங்களுக்கு ஒரு மனு. எங்கள் வீட்டில் அது ஒருத்தியின் வேலை, ஒருத்தியின் படிப்பு.

3. எச்-4 காரர் படிக்கத் தடையில்லை. ஆகவே நான் இங்குள்ள சி.பி.ஏ. தேர்வு எழுத ஆகும் கட்டணத்தைக் 'குடும்ப நலன்' தலைப்பில் தாங்கள் ஏற்க வேண்டும். பூங்காவில் நடப்பதற்குத் தாங்கள் அச்சடித்த கையேட்டைவிட இது உருப்படியான செலவு.

4. விசாக் கட்டணம் 615 டாலர், பில்லின்படி.

5. இவற்றில் எதுவும் இயலாது என்றால், எனக்கு ஒரு பணி நியமன ஆணை. சம்பளக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. பதவியின் பெயரை மட்டும் 'குடியமர்வு மேலாளர்' என்று எழுதினால் போதும். என் அனுபவச் சான்றில் விழுந்திருக்கிற ஓட்டையை அடைக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

பதில் வராவிட்டால் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் செய்வதாக இதன்மூலம் முன்னறிவிப்புத் தருகிறேன். வேலையே இல்லாதவள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நாளும் குறித்தாகிவிட்டது: தங்கள் பெரிய கிளையன்ட்டுக்கு வீட்டில் இருந்தே டெமோ காட்டப்போகும் நாள். அன்று காலை நான் நூலகத்தில் தன்னார்வத் தொண்டு செய்யப் போகிறேன், தங்கள் கையேடு சொன்னபடி. மகன் தங்கள் ஊழியரின் பொறுப்பில் இருப்பான். கேள்வி கேட்டால் பதில் சொல்வான். ஆங்கிலம் நன்றாகவே பேசுவான்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சி.ஏ. (விடுப்பில் இல்லை)