கட்டிக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது

கேள்வி: இன்ஷூரன்ஸ் இருந்தால் பில் கட்டலாம். மார்பகப் புற்றுநோயில் உயிர் பிழைப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, சேலம்)

நிறைய. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1985-87இல் இந்நோய் கண்டறியப்பட்ட 4,675 பெண்களைப் பற்றிய ஆய்வு 1993இல் வெளியானது. தனியார் காப்பீடு உள்ளவர்களைவிட, காப்பீடே இல்லாதவர்களுக்கு நோய் முற்றிய நிலையில் தெரியவந்தது. மரண அபாயமும் 49 சதவீதம் அதிகம். 'செலவுக்கு எங்கே போவது?' என்ற பயம் டாக்டரிடம் போகும் நாளையே தள்ளிப்போடுகிறது.

கேள்வி: மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. பாலிசி எடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லக் கம்பெனிக்கு அனுமதி உண்டு. கட்டி காத்திருக்காது. மறைத்து பாலிசி எடுத்தால் கிளெய்மும் போகும். நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல; ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனைதான்.

கேள்வி: அம்மாவுக்கு நோய் உறுதியாகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டில் இனிமேல் சேர முடியுமா? (வாசகர், விருதுநகர்)

வருமான வரம்புக்குள் இருந்தால் முடியும். நோய் இருப்பது தடையல்ல. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் அடக்கம்.

கேள்வி: கீமோவுக்குக் காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிறேன். 'அட்மிட் ஆகவில்லை' என்று கிளெய்மை மறுப்பார்களா? (வாசகி, கோவை)

மறுக்கக் கூடாது. கீமோ, டே-கேர் சிகிச்சை. கீமோ மாத்திரை, ஆன்டிபாடி ஊசி ஆகியவற்றையும் 2019 விதிப்படி ஒதுக்க முடியாது. உச்சவரம்பு மட்டும் வைக்கலாம். உங்கள் புற்றுநோய் ஹெர்-2 பாசிட்டிவ் வகை என்றால், டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி ஊசி வழக்கமாக ஓராண்டு தொடரும். எனவே முதல் ஊசிக்கு முன்பே அந்த வரம்பைக் கேட்டு வையுங்கள். அநியாயமாக மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் இல்லை.

கேள்வி: 'சம்பாதிக்கிற உங்களுக்கு பாலிசி போதும்' என்கிறாள் மனைவி. சரியா? (வாசகர், தஞ்சாவூர்)

தவறு. அவர் பெயரையும் இன்றே சேர்த்துவிடுங்கள். வீட்டில் யார் தும்மினாலும் டாக்டரிடம் விரட்டுபவர், தன் வலியை மட்டும் பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று ஒத்திவைப்பார். 30 வயதைத் தாண்டிவிட்டாரா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். நீங்களே கூட்டிப்போங்கள். அதற்கு பாலிசியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.