எல்லாரும் ஒரே வண்டியில்

குடும்பத்தோடு வெளியூர் போகப் பறப்பதா, சாலையில் போவதா என்ற சண்டை ரைட் சகோதரர்களுக்குப் பிறகு வந்தது என்று நினைக்கிறோம். 1791-லேயே அதற்கு எல்லா முகாந்திரமும் இருந்தது.

குடும்பத் தலைவர், பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி. பூட்டு செய்வதிலும் வரைபடம் பார்ப்பதிலும் கெட்டிக்காரர். ராஜ்யம் மட்டும் கொஞ்சம் கைக்கு வரவில்லை. மனைவி மரி அந்துவானெத், பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன், கல்யாணமாகாத தங்கை எலிசபெத். புரட்சி வந்தபின் இருப்பது பாரிஸில் துய்லரி அரண்மனை. வாசலில் காவல் உண்டு. உள்ளே யார் வருகிறார்கள் என்பதைவிட வெளியே யார் போகிறார்கள் என்பதில்தான் அந்தக் காவலுக்கு அக்கறை. போகவேண்டிய இடம் கிழக்கு எல்லையோரத்தில் மோன்மெதி கோட்டை, ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். அங்கே ஜெனரல் புய்யே படையோடு காத்திருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டால் லூயி மறுபடியும் ராஜா.

பறக்க வழி இருந்ததா? இருந்தது. 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில், இதே மன்னர் கண்முன்னால், மொங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்று பலூன் ஓர் ஆட்டையும் ஒரு வாத்தையும் ஒரு சேவலையும் ஏற்றிக்கொண்டு எட்டு நிமிஷம் பறந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கியது. அடுத்து மனிதனை ஏற்றலாம் என்ற பேச்சு வந்தபோது, மரண தண்டனைக் கைதிகளை ஏற்றிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் லூயிதான். பத்து வருஷத்துக்குள் தானே அந்தத் தகுதியைப் பெறப்போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அதே வருஷம் டிசம்பர் 1. பேராசிரியர் சார்ல் ஹைட்ரஜன் பலூனில் ஏறி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கினார். கிளம்பிய இடம் துய்லரி தோட்டம். ஆம், பிற்பாடு மன்னர் குடும்பம் அடைபட்டுக் கிடந்த அதே வீட்டின் தோட்டம். மறுவருஷம் ரோபேர் சகோதரர்கள் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு, பாரிஸிலிருந்து 186 கிலோமீட்டரை ஆறு மணி நாற்பது நிமிஷத்தில் கடந்தார்கள். மணிக்கு 28 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் குதிரை வண்டி பத்து, பன்னிரண்டு போனாலே பெரிய விஷயம்.

அரண்மனையில் யாரும் பலூன் பேச்சை எடுத்ததாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. எடுத்திருந்தால் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் கற்பனை:

"பலூன்ல போயிட்டா என்ன? ஏழெட்டு மணி நேரம்தான்."

"எங்கங்க போறது? காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போறதுக்குப் பேரு பயணமா? பத்து நாள் கழிச்சு இங்கிலாந்துல போய் இறங்குவோம்."

"மேல் காத்துதான் அடிக்குது, கிழக்கேதான் போகும்."

"ஆடும் வாத்தும் ஏறின கூடையில நான் ஏறணுமாக்கும். அந்த பிளான்ஷார் கடலைத் தாண்டும்போது கனம் தாங்காம கால்சட்டையைக்கூடக் கழட்டிப் போட்டாராமே. நீங்க போடுவீங்களா?"

பிளான்ஷார் கால்சட்டையைக் கழற்றியது மட்டும் கற்பனை இல்லை. 1785 ஜனவரியில் அவரும் டாக்டர் ஜெஃப்ரீஸும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, கடலில் விழாமல் இருக்க உடுப்புகளைக்கூட வீசியெறிந்தார்கள். அதே வருஷம் ஜூனில், எதிர்ப்பக்கமாகக் கடக்கப் பார்த்த பிலாத்ர் தெ ரோஸியே விழுந்து செத்தார். உலகத்தில் முதன்முதலாகப் பறந்த மனிதர்களில் ஒருவர் அவர். போதாததற்கு, ஹைட்ரஜன் வேண்டுமென்றால் இரும்புத்தூளில் கந்தக அமிலத்தை ஊற்றிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காவலாளிகளுக்கு நடுவில், தோட்டத்தில், மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ரகசியமாகத் தப்பிப்பது நடக்கிற காரியமா? ஆக, சாலை என்று முடிவானது சரிதான். அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தச் சாலையில் போனதை வண்டி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

புய்யே சொன்னது எளிமையான யோசனை: வேகமாக ஓடும் இரண்டு லேசான வண்டிகள், ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து போங்கள். அதெல்லாம் முடியாது, போனால் எல்லாரும் சேர்ந்துதான் என்றார் ராணி. இந்த வாக்கியம் சொல்லப்படாத குடும்பச் சுற்றுலா உலகத்தில் உண்டா? அதனால் பெர்லின் எனப்படும் பெரிய நான்குசக்கர வண்டி ஒன்று தனியாகச் செய்யப்பட்டது. பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம், உள்ளே வெள்ளை வெல்வெட். சாப்பாட்டுப் பெட்டி, மது, தோலால் ஆன மூத்திரப் பாத்திரங்கள் எல்லாம் உண்டு. இழுக்க ஆறு குதிரை. பின்னால் பணிப்பெண்கள் இரண்டு பேருக்கு இன்னொரு சிறு வண்டி. யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கப் போகிறவர்களின் ஏற்பாடு இது.

ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டவர் சுவீடன் பிரபு ஃபெர்சன், ராணியின் நெருங்கிய நண்பர். எவ்வளவு நெருக்கம் என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது சீட் தகராறு. ஆபத்தில் கைகொடுக்க விவரம் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவர் உள்ளே உட்கார வேண்டும் என்று புய்யே கெஞ்சியிருந்தார். குழந்தைகளின் பொறுப்பாளரான துர்செல் சீமாட்டி, இளவரசரை விட்டு ஒரு கணமும் பிரியாமல் இருப்பது தன் பதவியின் உரிமை என்றார். சட்டப்படி அது சரி. அதிகாரி இறங்கினார், சீமாட்டி ஏறினார்.

பாஸ்போர்ட் வேறு வேண்டும். கோர்ஃப் என்ற ரஷ்யச் சீமாட்டி, முதல் பாஸ்போர்ட் தவறுதலாக நெருப்பில் விழுந்துவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். அதன்படி துர்செல்தான் சீமாட்டி கோர்ஃப். ராணி, அவருடைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆயா. இளவரசருக்குப் பாவாடை கட்டி இன்னொரு மகளாக்கினார்கள். பிரான்சின் மன்னர், வேலைக்காரர் துரான். காவலுக்கு வந்த மூன்று பேருக்கு மஞ்சள் சட்டை, ஒரு மைல் தள்ளியும் தெரிகிற மஞ்சள்.

கிளம்புவதே ஒருநாள் தள்ளிப்போனது. புரட்சி ஆதரவாளர் என்று சந்தேகப்பட்ட ஒரு பணிப்பெண்ணின் முறை முடியட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் ஜூன் 20 நள்ளிரவு. காவற்படைத் தலைவர் லஃபாயெத் அன்றைக்கென்று பார்த்து மன்னரின் படுக்கையறைச் சடங்குக்கு வந்து பேசிக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் கடைசியாகக் கிளம்பிய ராணி, அரண்மனைக்கு வெளியே சந்துகளில் வழி தெரியாமல் சுற்றினார். இருபத்தொரு வருஷமாகப் பிரான்சின் மருமகள்; தெருவில் நடந்து பழக்கமில்லை. வண்டிக்காரன் வேஷத்தில் ஃபெர்சன் ஓட்டி, பெர்லினைப் பிடித்து, நகரத்தைத் தாண்டும்போது இரண்டு மணி நேரம் தாமதம். போந்தி என்ற ஊரில், இனி நீங்கள் வரவேண்டாம் என்று மன்னர் அவரை அனுப்பிவிட்டார். கணவர் எடுத்த முடிவு, நாம் அதற்குள் போகவேண்டாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பயணம் செய்யத் தெரிந்த ஒரே ஆள் ஃபெர்சன்தான்.

விடிந்ததும் குஷி வந்துவிட்டது. மன்னர் கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரம் லஃபாயெத் திண்டாடிக்கொண்டிருப்பார் என்று சிரித்தார். வரைபடத்தை மடியில் விரித்து வழியெல்லாம் ஊர் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். குதிரை மாற்றுகிற இடங்களில் இறங்கி, ஊர்க்காரர்களிடம் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். வேலைக்காரர் துரானுக்கு நாட்டு விவசாயத்தின்மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்று எவனும் யோசிக்காமலா இருந்திருப்பான்? நடுவில் குதிரைகள் விழுந்து சேணவார் அறுந்தது. அதைத் தைக்க இன்னும் கொஞ்ச நேரம்.

வழியில் குதிரைப்படையோடு காத்திருந்த ஷுவாசேல், மணிக்கணக்காகியும் வண்டியைக் காணாமல் பொறுமை இழந்தார். படையைப் பார்த்து, வரி பிடுங்க வந்தார்களோ என்று கிராமத்தார் திரண்டது வேறு தொல்லை. மேலே காத்திருக்கும் படைகளுக்கு, இன்றைக்கு ஒன்றும் வராது என்று சேதி சொல்லியனுப்பிவிட்டுக் கிளம்பினார். சேதி கொண்டுபோனவர் லெயோனார். ராணியின் சிகையலங்காரக்காரர். ஒரு சாம்ராஜ்யத்தின் தலை யார் கையில் இருந்தது, பாருங்கள். அவர் போன ஊரிலெல்லாம் படைவீரர்கள் சேணத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

சேன்ட் மெனூ என்ற ஊரில் அஞ்சல் நிலையத் தலைவர் துரூவே. ராணியை முன்பே பார்த்தவர். பக்கத்தில் இருந்த பருத்த வேலைக்காரரின் முகத்தை நோட்டில் அச்சிட்ட மன்னர் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாக அவரே பின்னால் சொன்னார். நாட்டின் ரூபாயிலெல்லாம் முகம் போட்டுக்கொண்டவர் மாறுவேஷம் போட்டால் இதுதான் சங்கடம். துரூவே குதிரையில் குறுக்குவழியாகப் பறந்தார். இரவு பதினோரு மணிக்கு வரென் ஊருக்குள் நுழைந்த பெர்லின், மாற்றுக் குதிரைகள் எங்கே என்று தூங்கியவர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. குதிரைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன. துரூவே அதற்குள் பாலத்தில் மேசை நாற்காலி ஏற்றிய வண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். மளிகையும் மெழுகுவத்தியும் விற்ற சோஸ் என்பவரின் மாடியறையில் பிரெஞ்சு முடியாட்சி அந்த இரவைக் கழித்தது.

அதே இரவு அதே பாரிஸிலிருந்து மன்னரின் தம்பி ப்ரோவான்ஸ் பிரபுவும் தப்பினார். அவர் ஒரு வழி, மனைவி இன்னொரு வழி. ஆங்கில வியாபாரி வேஷம், லேசான வண்டி, கூட ஒரே ஒரு நண்பர். பத்திரமாக எல்லை தாண்டினார். 1814-இல் பதினெட்டாம் லூயி என்று அரியணை ஏறியதும் அவர்தான்.

அண்ணன் குடும்பம் அதே பெர்லினில் திரும்பியது. போகும்போதே ஆறு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், பாராளுமன்றம் அனுப்பிய பர்னாவும் பெத்தியோனும் நடுவழியில் ஏறி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜூன் மாத வெயில், புழுதி, இருபுறமும் கூட்டம். இந்த நெரிசலில் பெத்தியோனுக்கு, பக்கத்தில் இருந்த எலிசபெத் தன்மேல் மயங்கிவிட்டார் என்று தோன்றியது. தோன்றியதை எழுதியும் வைத்தார். போகும்போது இருபத்து நான்கு மணி நேரம்கூட ஆகாத வழி, வரும்போது நான்கு நாள் எடுத்தது.

லூயிக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. பாஸ்தி சிறை விழுந்த நாளில், அன்று வேட்டை இல்லாததால், 'ஒன்றுமில்லை' என்று எழுதியவர். இந்தப் பயணத்தையும் கிளம்பிய நேரம், பிடிபட்ட நேரம், சாப்பிட்ட ஊர், தூங்கிய ஊர் என்று ஒழுங்காகக் குறித்துவைத்தார். வருஷக் கணக்கை எழுதும்போது அதையும் ஒரு வரியில் முடித்தார்: 1791-இல் பாரிஸுக்கு வெளியே கழித்த இரவுகள், ஐந்து.