சமயம் கற்பிக்கும் சாமர்த்தியம்

ஒரு பிள்ளை எல்.கே.ஜி.யில் சேர்ந்து பிளஸ் டூ முடித்து வெளியே வர 14 ஆண்டுகள் ஆகின்றன. அந்த 14 ஆண்டும் பக்கத்து பெஞ்சுக்காரன் யாரை, எப்படி, எதற்காகத் தொழுகிறான் என்பது காதில் விழாமலே அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கரைசேர்த்துவிடுகிற நம் பள்ளிக்கூடங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் இந்துக்கள், 6 பேர் கிறிஸ்தவர்கள், அதற்குச் சற்றே குறைவாக முஸ்லிம்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிடுகிறார்கள். ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு திரும்புகிறார்கள். இவ்வளவு நெருக்கத்தில் வளர்த்தும் ஒருவர் நம்பிக்கை மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஆகஸ்ட் 15 வந்தால் அந்தத் திறமையை மேடையிலேயே பார்க்கலாம். மூன்று சிறுவர்கள் கைகோத்து நிற்பார்கள். ஒருவன் நெற்றியில் பட்டையாக விபூதி, தோளில் துண்டு. ஒருவனுக்குக் குல்லாவும் கட்டம்போட்ட கைலியும். ஒருவன் கழுத்தில் அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டிய சிலுவை. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்; பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள்; தலைமை விருந்தினர் நெகிழ்ந்து போவார். மூன்று பெருஞ்சமயங்களை ஒரு பாட்டு முடிவதற்குள் நடத்தி முடித்து, அன்று சாயங்காலமே உடைகளை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிற இந்தப் பாடத்திட்டத்துக்குச் சிக்கனத்தில் நிகர் ஏது? குல்லா போட்ட பையனுக்கு ஐவேளைத் தொழுகையின் பெயர்களைச் சொல்லித்தந்து யாரும் சிரமப்படுத்துவதில்லை. சிலுவை மாட்டியவனுக்கு அதில் அறையப்பட்டவர் என்ன சொன்னதற்காக அறையப்பட்டார் என்று எவரும் விளக்குவதில்லை. விபூதி பூசியவனுக்கும் அந்தச் சாம்பல் எதை நினைவூட்டுகிறது என்று தெரியாது. மூவரையும் சமமாக நடத்தியிருக்கிறோம்.

சட்டத்துக்குக் கட்டுப்படுவதிலும் நம் கல்வித்துறைப் பெரியோர்களை மிஞ்ச ஆளில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயபோதனை கூடாது என்கிறது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற நிலையங்களில் யாரையும் கட்டாயப்படுத்தி அதில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது. பிள்ளைமேல் ஒரு மதத்தைத் திணிக்காதே என்பதுதான் இதன் சாரம். நம் பெரியோர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். திணிக்காமல் இருக்க மிகப் பத்திரமான வழி, எதையும் தெரிவிக்காமல் இருந்துவிடுவதுதான் என்று கண்டுகொண்டார்கள்.

இந்த உறுதியைக் குலைக்க எத்தனை முயற்சிகள் நடந்தன தெரியுமா? 1948–49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் புத்தர், கன்பூசியஸ், இயேசு, நபிகள் நாயகம், சங்கரர், ராமானுஜர், கபீர், நானக் முதலானோரின் வாழ்க்கை, இரண்டாம் ஆண்டில் உலக மறைநூல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைக் கேள்விகள் என்று பாடத்திட்டமே போட்டுக் கொடுத்தது. 1959இல் ஸ்ரீபிரகாசா தலைமையில் ஒரு குழு. சென்னை மாநில ஆளுநராக இருந்தவர் அவர். எல்லாச் சமயப் பெரியோரின் வாழ்வையும் போதனையையும் பரிவோடு ஒப்பிட்டுப் படிக்கவேண்டும் என்றது அந்தக் குழு. 1964–66இல் கோத்தாரி ஆணையம் கோட்டை இன்னும் தெளிவாகப் போட்டது: ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, முதலாவது அரசுப் பள்ளியின் வேலையல்ல, இரண்டாவது பல மதத்தார் சேர்ந்து வாழும் ஒரு குடியரசுக்குத் தேவை. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிப் படிப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. எல்லாச் சமயங்களும் என்று பெயர் சொல்லிவிட்டு ஒரே சமயத்தின் பார்வையைப் புகுத்திவிடுவார்கள் என்று வழக்குத் தொடுத்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது, இன்றைக்கும் நியாயமானதுதான். ஆனால் அஞ்சியது நடக்காமல் தடுக்க, நேர்மையான பாடம் ஒன்றை எழுதி வைப்பதைவிட வேறு வழி என்ன இருக்கிறது?

தொண்டைமானின் படைக்கலங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளத்ததையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததையும் ஔவையார் சொல்லித்தான் நமக்குத் தெரியும். நம் ஆணைய அறிக்கைகளைப் பார்த்திருந்தால் அவர் இன்னொரு பாட்டுப் பாடியிருப்பார். ஒன்றின் மூலைகூட மடங்கவில்லை.

பாடநூலில் சமயமே இல்லை என்று யாரும் பழிசொல்ல முடியாது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் மகாவீரரும் புத்தரும் வருகிறார்கள். ஏழாம் வகுப்பில் சமணம், பௌத்தம், ஆசீவகம். ஒன்பதாம் வகுப்பில் கன்பூசியஸ், ஜொராஸ்டர் வரை வந்துவிடுகிறார்கள். பாடங்களை எழுதியவர்கள் உழைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பைக் கோடிட்ட இடத்துக்குள் அடக்கிவிடுகிற கலைதான் நம் தேர்வு முறையின் கலை. மகாவீரர் பிறந்த இடம் குண்டகிராமம், ஒரு மதிப்பெண். பார்சுவநாதர் 23ஆம் தீர்த்தங்கரர், ஒரு மதிப்பெண். எண்வழிப் பாதையை எழுதுக, ஐந்து மதிப்பெண். எட்டில் ஒன்றை இந்த வாரம் நடந்து பார்த்தாயா என்று கேட்டால் அதற்கு மதிப்பெண் போட விடைக்குறிப்பில் இடமில்லை.

சமணத்தின் வீழ்ச்சிக்கான காரணங்கள் யாவை? பிள்ளைகள் நான்கு காரணங்களைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குப் பக்கத்திலே மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கே இன்றும் நடக்கிறது. அந்த மாவட்டத்திலும் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களிலும் தமிழே பேசி, நிலத்தில் உழைத்து, பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடித்துக்கொள்கிற சமணக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையும் இதே கேள்விக்கு இதே நான்கு காரணங்களை எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறது. உயிரோடிருக்கும் ஒரு சமயத்தின் வீழ்ச்சியை அந்தச் சமயத்துப் பிள்ளையைக் கொண்டே எழுதவைக்க வேறெந்தக் கல்வி முறையால் முடியும்?

மதுரைப் பிள்ளைகள் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சுற்றுலா போகிறார்கள். செட்டிப்புடவு என்ற குகையில் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பம் அமர்ந்திருக்கிறது. நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊரார் அவரைச் செட்டியார் என்றே எண்ணிவிட்டார்கள். குகையிலே குழுப்படம் எடுத்து, கீழே இறங்கித் தாமரைக் குளத்தருகே புளியோதரை சாப்பிட்டு, இருட்டுமுன் பள்ளி வாசலில் பிள்ளைகளை எண்ணி ஒப்படைக்கும் ஆசிரியர்களின் பொறுப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 50 பிள்ளைகளை மலையேற்றி இறக்குவது பெரிய வேலை. உட்கார்ந்திருந்தவர் யார் என்று சொல்ல யாரும் அவர்களுக்குப் பயிற்சி தரவில்லை. தராததைக் கேட்டு எவரும் போராடவும் இல்லை.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு வணக்கம். சீவக சிந்தாமணி, ஆசிரியர் திருத்தக்கதேவர், சமயம் சமணம். மணிமேகலை, சாத்தனார், பௌத்தம். தேம்பாவணி, வீரமாமுனிவர், கிறிஸ்தவம். சீறாப்புராணம், உமறுப்புலவர், இஸ்லாம். உலகத்தின் பெரிய சமயங்களெல்லாம் தமிழில் காப்பியம் செய்திருக்கின்றன. அந்தச் செல்வத்தை நாலு கட்டமுள்ள ஓர் அட்டவணையில் சுருக்கி, பொருத்துக என்று கேட்டுவிடுகிறோம்.

உ.வே. சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடி அலைந்தார் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சமணம் தேடி அலைந்ததை யார் சொல்கிறோம்? திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்த அவர், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோதுதான் அவருக்கு அந்த உலகமே திறந்தது. சுவடி கையில் இருந்தது, சொல் தெரிந்தது, பொருள் பிடிபடவில்லை. அது சமணர் நூல். அவர் அதே ஊரில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். அவர்கள் அந்த நூலைப் பாராயணம் செய்து, போற்றி வழிபட்டு வந்ததைக் கண்ணால் கண்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. மணிமேகலைக்காக ரங்காசாரியாரிடம் பௌத்தம் கேட்டறிந்து, 1898இல் அதையும் பதிப்பித்தார். அவர் திருநீறு அழியவில்லை. பக்கத்துத் தெருக்காரரின் நம்பிக்கையை மரியாதையோடு கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் தமிழுக்கு இரண்டு காப்பியங்கள் மீண்டன. பாடநூலில் அவர் இருக்கிறார். அவர் உட்கார்ந்து கேட்ட அந்தச் சமணர் வீடுகள் இல்லை.

தனியார் பள்ளிகள் சிலவற்றின் ஏற்பாட்டை இதைவிட மெச்ச வேண்டும். வாரத்தில் ஒரு பீரியட் மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்பறைக்குக் கேட்டிகிசம் படிக்கப் போவார்கள். மற்ற எல்லாரும் இன்னோர் அறையில் மாரல் சயின்ஸ். அதுவரை ஒன்றாக ஒரே ஜியாமெட்ரி பாக்ஸைப் பகிர்ந்துகொண்டிருந்த இரண்டு சிநேகிதிகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு வாசலால் வெளியேறுவார்கள். கணக்குக்குச் சேர்ந்திருக்கலாம், ஆங்கிலத்துக்குச் சேர்ந்திருக்கலாம், சாமி என்றால் பிரிந்துபோக வேண்டும் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் மணியடித்தே கற்பித்துவிடுகிறார்கள். பாடங்களிலேயே ஆழமாகப் பதிகிற பாடம் அது.

இலங்கை இதைச் சட்டமாகவே செய்திருக்கிறது. பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்து தனித்தனிப் பாடங்கள். ஐந்துக்கும் அரசே அச்சிட்ட இலவசப் புத்தகங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயம். தத்தம் சமயத்தை அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட நன்றாகவே அறிவார்கள், அதில் சந்தேகமில்லை. அடுத்தவன் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் அவசியம் மட்டும் 11 ஆண்டிலும் வராது. அத்தனை ரத்தம் சிந்திய ஒரு தேசத்திலேயே அது வரவில்லை.

பெற்றோரை விட்டுவிட முடியுமா? அபாகஸுக்கும் கீபோர்டுக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வாட்ஸ்அப்பிடம் ஒப்படைத்த தாராளம் யாருக்கு வரும்? பள்ளியும் வீடும் சொல்லாததை அது அலுக்காமல் சொல்லித் தருகிறது. எந்தச் சமயத்தார் எப்படிப்பட்டவர்கள், யாரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், யாருடைய கடையில் வாங்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு. பெரிய வெள்ளிக்கும் மொகரத்துக்கும் பூங்கொத்துப் படத்தோடு நல்வாழ்த்து வருவதும் அங்கிருந்துதான். பெரிய வெள்ளி இயேசு சிலுவையில் இறந்த நாள். மொகரத்தின் பத்தாம் நாள் நபிகளின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். துக்க வீட்டுக்குள் போய்க் கைகுலுக்கி வாழ்த்திவிட்டு வருகிறோம் என்று நமக்கு இதுவரை யாராவது சொன்னார்களா? அந்த வீட்டுக்காரர்கள்தான் எவ்வளவு பெருந்தன்மையோடு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்!

பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். ரம்ஜான் ஏன் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது? ஈஸ்டர் ஏன் நிலையாக ஒரு தேதியில் இல்லை? கார்த்திகை தீபத்தன்று ஏன் எப்போதும் நிலா பெரிதாக இருக்கிறது? வகுப்புச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் ஒன்று போதும், இந்த மூன்றையும் ஒரே பீரியடில் சொல்லிவிட. இஸ்லாமிய ஆண்டு பிறையை வைத்து நடப்பதால் ரம்ஜான் வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. ஈஸ்டர், மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. கார்த்திகையும் தைப்பூசமும் புத்த பூர்ணிமாவும் பௌர்ணமியை ஒட்டியவை. ஒரே நிலாவைப் பார்த்துத்தான் எல்லாரும் நோன்பையும் திருநாளையும் குறித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிள்ளை எந்த மதத்துக்கும் மாறிவிடாது. அறிவியலும் கொஞ்சம் சேர்ந்தே வரும்.

கல்வித்துறைக்கு நான் வைப்பது ஒரே கோரிக்கை. அந்தப் பழைய அறிக்கைகளை எடுத்துப் பிரித்து, எல்லாச் சமயத்தாரும் எந்தச் சமயமும் வேண்டாதவரும் உட்கார்ந்த ஒரு குழுவிடம் கொடுத்து, ஒரு நேர்மையான பாடம் எழுதுங்கள். அதை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அதற்குத் தேர்வு வைக்காதீர்கள். பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் அடுத்தபடியாக இதைக் கேளுங்கள். கேட்டிகிசம் அறைக்கும் மாரல் சயின்ஸ் அறைக்கும் இடையிலுள்ள கதவை வாரத்தில் ஒரு நாளாவது திறந்து வையுங்கள்.