ராஜகிரிப் பாலமும் கிளவுட் கணக்கும்

கேள்வி: அரிசி மண்டி வைத்திருக்கிறேன். கணக்கு முழுவதையும் கிளவுடுக்கு மாற்றச் சொல்கிறான் மகன். மாற்றலாமா?
– வாசகர், செஞ்சி

பதில்: தாராளமாக மாற்றுங்கள். அதற்கு முன் மகனோடு ஒருமுறை உங்கள் ஊர்க் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி வாருங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து கிடக்கும். கடக்க ஒரு மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே உள்ள களஞ்சியத்தைப் பகைவனும் நெருங்க முடியாது, சொந்தக்காரனும் நெருங்க முடியாது! கிளவுடில் ஏற்றிய கணக்குதான் அந்தக் களஞ்சியம்; உங்கள் இணைய இணைப்புதான் அந்தப் பாலம். லாரி வாசலில் நிற்கும்போது அது அறுந்தால் பில் போட முடியாது. இரண்டு நிறுவனங்களின் இணைப்பு அவசியம்.

மேலே போன கணக்கு பத்திரம் என்று தூங்கியும் விடாதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் கணக்கு கூகுள் கிளவுடில் தவறுதலாக அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகலும் மீள உதவியது. ஆகவே ஒரு நகல் வேறிடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுமுன் வெளியேறும் வழியைக் கேளுங்கள்: நாளை வேறிடம் போனால் கணக்கை எந்த வடிவத்தில் தருவார்கள், அதற்குக் கட்டணம் உண்டா? பலர் மாதச் சந்தாவை மட்டும் விசாரித்துவிட்டு இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முக்கியமாக, உங்கள் கணக்குப்பிள்ளைக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். ஒரு அறுவடைப் பருவம் முழுக்கப் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். மூட்டைக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போகிறது என்று அவரே சொன்ன பிறகு பழையதை நிறுத்துங்கள்.