அமைதிக்கு எத்தனை நட்சத்திரம்?

அனுப்புநர்:
ஓய்வு தேடும் பயணி ஒருவர்
(தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை)

பெறுநர்:
கிரேக்க தேசிய சுற்றுலா அமைப்பு,
ஏதென்ஸ்.

பொருள்: தீவுகளில் அமைதியான வில்லா ஹோட்டல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் – அதில் விண்ணப்பதாரர் படும் பாடு – தொடர்பாக.

பார்வை: தங்கள் விளம்பரங்கள் அனைத்தும்.

ஐயா / அம்மையீர்,

1929இல் தொடங்கப்பட்டு, 1951இல் புதுப்பிறவி எடுத்த தங்கள் அமைப்பு ஒரு காரியத்தில் உலகையே வென்றுவிட்டது. கிரேக்கத் தீவுக்குப் போனால் மனசு ஆறும் என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டது. விண்ணப்பதாரரும் நம்பினார். அவர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு வாரம், ஒரு வெள்ளைச் சுவர், எதிரே கடல், சாய்ந்துகொள்ள நாற்காலி, போன் அடிக்காத மத்தியானம். இதற்குத் தோதான இடத்தைத் தேடி உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது.

முதல் குழப்பம் படங்களில். சாண்டோரினி வில்லா எதைத் திறந்தாலும் ஒரே காட்சி. நீலக் குளத்தின் விளிம்பில், நமக்கு முதுகு காட்டி, அகலத் தொப்பியுடன் ஒரு பெண். எதிரே எரிமலை வாயில் நிரம்பி நிற்கும் கடல். தொப்பிக்கு முன்னால் இருப்பதைக் காட்டும் கேமரா, அதற்கு மேலே இருப்பதைக் காட்டுவதில்லை. மேலே இருப்பது அடுத்த ஹோட்டலின் மாடி. அதற்கும் மேலே பொதுப்பாதை. அதில் குச்சியில் போனை மாட்டிக்கொண்டு சூரியன் மறையக் காத்திருக்கும் திருவிழாக் கூட்டம். அந்தத் தீவின் இயா, இமெரோவிக்லி ஊர்களில் வீடுகள் செங்குத்துச் சரிவில் அடுக்கடுக்காக இறங்குபவை. பல இடங்களில் கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டின் முற்றம். ‘தனிக் குளம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் குளம் மட்டும்தான் தனி. குளிப்பவர் பொதுச்சொத்து.

இந்தச் சரிவில் இருக்கும் குகை அறைகளைப் பற்றித் தங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இதில் தங்களுக்கும் பங்கு உண்டு. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து செய்த வீடுகள் அவை. சரிவின் மேல்தட்டில் கப்பல் முதலாளிகளும் கேப்டன்களும் மாளிகை கட்டிக்கொண்டார்கள். அதற்கு வசதியில்லாத மாலுமிகள் கீழே குடைந்துகொண்டார்கள். குறுகலான முகப்பு, நடுவில் கதவு, இரு பக்கமும் ஜன்னல், கதவுக்கு மேலே சின்னதாக ஒரு திறப்பு. வெளிச்சம், காற்று எல்லாம் அந்த ஒரு சுவர் வழியாகத்தான். பின்னறைக்கு வெளிச்சம் போக வேண்டுமென்றால் நடுச்சுவரிலும் அதே மாதிரித் திறப்புகள் வைப்பார்கள். முன்னறை தின்று மிச்சம் வைத்த வெளிச்சம் உள்ளே போகும்.

1956 ஜூலை 9 அன்று நிலம் ஆடியது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் சரிந்தன, மிஞ்சியவர்களில் பலர் ஏதென்ஸுக்குக் கப்பலேறினார்கள். பாழடைந்து கிடந்த இயாவுக்கு 1970களின் நடுவில் தாங்கள் வந்தீர்கள். பாரம்பரியக் குடியிருப்புகளைக் காக்கும் திட்டத்தில் அந்தக் குகை வீடுகளைப் புதுப்பித்து விருந்தினர் இல்லங்களாக மாற்றினீர்கள். நல்ல காரியம்தான், ஒரு ஊர் பிழைத்தது. ஆனால் மாலுமி வேறு வழியில்லாமல் படுத்த பொந்தில் ஒரு ராத்திரி படுக்க இன்று கேட்கும் வாடகையை அந்த மாலுமி கேட்டால் மறுபடி கடலுக்கே போய்விடுவார். குகைக்கே உரிய ஈரவாடையை விளம்பரக்காரர்கள் ‘இயற்கைக் குளிர்ச்சி’ என்று எழுதுகிறார்கள். பின்னறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு விண்ணப்பதாரருக்கு வந்த பதில்: ‘அறையின் சூழல் மிகவும் அந்தரங்கமானது.’

அவர் கூட்டத்தைக் கண்டு மிரள்பவர் அல்லர். இருந்தாலும் கணக்கு அவரை யோசிக்க வைக்கிறது. சாண்டோரினியின் நிலையான மக்கள்தொகை 15,000 சொச்சம். 2023இல் அங்கே வந்து போனவர்கள் சுமார் 34 லட்சம். 2024 ஜூலையில் ஒரே நாளில் 17,000 உல்லாசக் கப்பல் பயணிகள் இறங்கப்போகிறார்கள் என்றதும் உள்ளூர் நிர்வாகி ஒருவர், தீவுவாசிகள் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளும்படி முகநூலில் பதிவு போட்டார். ஊர் கொதித்தது, பதிவு காணாமல் போனது. ஆக, அன்றைக்கு சாண்டோரினியில் ஓய்வெடுக்கச் சொல்லி அறிவுறுத்தப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே, அதுவும் வீட்டுக்குள்.

இதன்பின் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று உச்சவரம்பு வந்தது. 2025 கோடை முதல் சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் உச்சப் பருவத்தில் 20 யூரோ கட்டணமும் வந்தது. பல ஆயிரம் யூரோ கொடுத்துக் கப்பலேறியவர் 20 யூரோவுக்காகத் திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டவர் யாரோ, அவரைத் தங்கள் அமைப்பு கௌரவிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கத்தால் 11,000க்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறியபோது சாண்டோரினி நிஜமாகவே வெறிச்சோடியது. அந்த மாதிரி அமைதி யாருக்கும் வேண்டாம்.

இதே தீவில் முதுகுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை விண்ணப்பதாரர் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உட்புறத்தில் பிர்கோஸ், மெகாலோகோரி போன்ற ஊர்கள். கிழக்கே பெரிஸ்ஸா, கமாரியின் கறுப்பு மணல். அந்தக் கரைகளிலிருந்து எரிமலை வாய் தெரியாது. அதனாலேயே வாடகை இறங்குகிறது, நடைபாதையில் தோளோடு தோள் உரசுவதும் குறைகிறது. கமாரி பக்கம் விமான நிலையம் இருப்பதை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வில்லாவும் அதைப் படம் பிடித்துப் போடுவதில்லை.

அடுத்தது நட்சத்திரம். கிரேக்கத்தில் ஹோட்டல்களுக்கு முன்பு எழுத்துகளால் தரம் போட்டார்கள். இப்போது 1 முதல் 5 நட்சத்திரம். வாடகை அறைகளுக்கும் அடுக்ககங்களுக்கும் நட்சத்திரத்துக்குப் பதில் சாவிகள். அறையின் அளவு, குளியலறை, வரவேற்புக் கூடம், காலை உணவு என்று டேப்பை வைத்து அளக்கக்கூடிய எல்லாவற்றையும் அளந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் எதற்காகக் காசு கொடுக்கிறாரோ அதை அளக்க மட்டும் ஆளில்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் விடிய விடிய டிஜே அலறினாலும் ஐந்தாவது நட்சத்திரம் உதிர்வதில்லை. சந்தேகமிருந்தால் ஆகஸ்டில் மைக்கோனோஸில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம்.

நட்சத்திரத்தால் உறுதியாகக் கூடுவது ஒன்றுதான்: காலநிலை நெருக்கடிக் கட்டணம். 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, ஐந்து நட்சத்திர அறைக்கு ராத்திரிக்கு 15 யூரோ. குறுகியகால வாடகைக்கு விடும் 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கும் அதே 15. ஒரு வாரத்துக்கு 105 யூரோ, வாடகைக்கு மேலே. காலநிலை விஷயத்தில் தங்கள் நாட்டு அரசு கைநீட்டி வாங்குவது மட்டுமில்லை, கொடுக்கவும் செய்கிறது. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி சுமார் 19,000 பேர் ஊர்களையும் ஹோட்டல்களையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஓய்வெடுக்க வந்து உயிருக்கு ஓடிய பயணிகளுக்கு அரசு அறிவித்த ஆறுதல்: மறுவருஷம் ஒரு வாரம் இலவச விடுமுறை, அதே ரோட்ஸில்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை, இரவு 11 முதல் காலை 7 வரை பொது அமைதி நேரம் என்று விதி இருப்பதை அறிந்தபோது விண்ணப்பதாரர் கண்கலங்கிவிட்டார். மத்தியானத் தூக்கத்துக்குப் போலீஸ் பாதுகாப்பு கொடுத்த தேசம்! கோர்ஃபூ தீவின் ஆலிவ் தோப்புகளில் வாழும் சில்வண்டுகள் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. சைலன்சரைக் கழற்றிய வாடகை பைக்கில் மலைப்பாதை ஏறும் இளைஞர்களும் படிக்கவில்லை. சில்வண்டையாவது மன்னித்துவிடலாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடல்மீது வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று பலத்தால் படகுகள் துறைமுகத்திலேயே கட்டப்படும். வில்லாவின் குடை, மேஜைவிரிப்பு, பயணியின் தொப்பி எல்லாம் தெற்கே போகும். தெற்கு நோக்கிய முற்றமா, வடக்கு நோக்கியதா என்பதை எந்த விளம்பரமாவது சொல்கிறதா? மேற்கே அயோனியன் தீவுகளில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் விண்ணப்பதாரர் வேறெங்கோதான் தெரிந்துகொண்டார்.

கடற்கரைக்கு வருவோம். ‘எங்கள் விருந்தினருக்கு மட்டுமேயான தனியார் கடற்கரை’ என்று பல வில்லாக்கள் எழுதுகின்றன. தங்கள் நாட்டுச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. அதில் கட்டிலும் குடையும் போட இடம் வாடகைக்கு எடுக்கலாமே தவிர, மணலுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டு விரிக்கக்கூட இடமில்லை என்று துண்டோடு போராட்டத்தில் இறங்கினார்கள். அதன்பின் வந்த 2024ஆம் ஆண்டுச் சட்டம், கடற்கரையில் குறைந்தது பாதியைக் காலியாக விட வேண்டும், தண்ணீரிலிருந்து 4 மீட்டர் தள்ளித்தான் கட்டில் போட வேண்டும் என்கிறது. 198 கடற்கரைகளில் கட்டிலே கூடாது என்று அந்த ஆண்டு அறிவித்தார்கள். மீறினால் புகார் செய்ய மைகோஸ்ட் என்ற செயலியும் உண்டு. ஓய்வெடுக்கப் போகும் பயணி இனி அளவுநாடாவோடு போகலாம். நாலு மீட்டர் அளப்பதும் ஒரு பொழுதுபோக்குதானே. கட்டில் கூடாத அந்தக் கரைகளின் பட்டியல்தான், சொல்லப்போனால், வில்லா தேடுபவருக்கு அரசு தந்திருக்கும் உருப்படியான ஒரு வழிகாட்டி. அதைத் தங்கள் விளம்பரங்களின் முதல் பக்கத்தில் அவர் பார்த்ததில்லை.

தண்ணீர் கதை இன்னொன்று. 2024இல் நாக்ஸோஸ் தீவில் நீர்த்தேக்கங்கள் வறண்டன. புகழ்பெற்ற நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு விளையும் வயல்களின் கிணறுகளில் கடல்நீர் ஏறியது. சாண்டோரினி கடல்நீரைக் குடிநீராக்கித்தான் காலம் தள்ளுகிறது. இந்த நிலையில் அறைக்கு ஒரு குளம். குளியலறைக்குள் போனால் வேறொரு முகம்: குழாய் குறுகலானது, காகிதத்தைக் கழிப்பறையில் போடாமல் பக்கத்தில் இருக்கும் மூடிபோட்ட கூடையில் போடுங்கள் என்று ஒரு ஸ்டிக்கர். ராத்திரிக்குப் பல நூறு யூரோ கொடுத்தவரும் அந்தக் கூடையின் முன் சமம். கிரேக்கம் உலகுக்குக் கொடுத்த ஜனநாயகம் அங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

விண்ணப்பதாரருக்கு உருப்படியாக உதவியது ஒரு எண். குறுகியகால வாடகை வீடுகள் வரித்துறையில் பதிந்து பெற்ற எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும். எண் இல்லாத வீட்டைத் தள்ளிவிடலாம். 2025 அக்டோபர் முதல் இவ்வகை வீடுகளுக்கு இயற்கை வெளிச்சம், காற்றோட்டம், தீயணைப்பான், பூச்சி மருந்து அடித்த சான்று எல்லாம் கட்டாயம். பூச்சிக்குச் சான்று கேட்ட சட்டம் சத்தத்துக்கும் ஒரு சான்று கேட்டிருக்கலாம்.

எல்லாம் பார்த்துவிட்டு, முழு அமைதிக்கு வழி தேடிய விண்ணப்பதாரர் வரலாற்றைப் புரட்டினார். கப்பல் அதிபர் ஓனாஸிஸ் 1963இல் ஸ்கார்பியோஸ் தீவையே வாங்கினார். அங்கேயும் புகைப்படக்காரர்கள் அவர் மனைவி ஜாக்குலினை விடவில்லை. ‘மம்மா மியா’ படத்தில் வரும் மலைமேல் வில்லாதான் வேண்டும் என்றால் படப்பிடிப்பு நடந்த ஸ்கோபெலோஸ் தீவில் தேடிப் பயனில்லை. அதை எழுப்பியது இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில். கடைசியில் அவர் மனம் ஹைட்ரா தீவில் போய் நிற்கிறது. அங்கே கார், பைக் கிடையாது. பெட்டியைக் கோவேறு கழுதை சுமக்கிறது. அது அதிகாலையில் கனைக்குமா என்று மட்டும் இன்னும் தெரிந்தபாடில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஏப்ரலில் சீசன் திறப்பதற்குள், ‘அமைதி’ என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு வில்லாவும் ஒரு பக்கப் படிவத்தைக் கட்டாயம் நிரப்பி, படத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும். வாசலுக்கு எத்தனை படி, முற்றத்துக்கு மேலே யார் முற்றம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து, மிக அருகிலுள்ள ஒலிபெருக்கி எத்தனை மீட்டர். ஐந்தே கேள்வி. பதில் எழுதத் தயங்கும் வில்லாவிடமிருந்து ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

இவ்விண்ணப்பத்தின் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பதில் சொல்லத் தொலைபேசியில் அழைப்பதானால் பிற்பகல் 3 முதல் 5.30 வரை தவிர்க்கவும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

நகல்: கிரேக்க ஹோட்டல்கள் சபை, நட்சத்திரப் பிரிவு.