நட்சத்திரம் எண்ணி டாக்டர் தேடுற பேராண்டிக்கு

என்னப்பு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு செல்போனைத் தடவுறே? டாக்டர் தேடுறியா? அதுவும் அஞ்சு நட்சத்திர டாக்டரு! பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறவன்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டானப்பு.

செட்டிநாட்டுக் காரந்தான் அல்சரைக் கொடுத்துச்சாக்கும்? அப்படின்னா காரைக்குடியில ஒருத்தனும் நிமிந்து நடக்க முடியாதே! காரம் எரிச்சலைக் கிளப்பும், அம்புட்டுத்தான். புண்ணு போடுறது பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரிங்கிற கிருமி. இல்லேன்னா மூட்டுவலிக்கு நீயா வாங்கி முழுங்குற மாத்திரை. உலகத்துல ஏறக்குறைய பாதிப் பேரு வயித்துல அந்தக் கிருமி குடியிருக்கு. முக்காவாசிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாது.

ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல்னு ஒரு டாக்டரு. புண்ணுக்குக் காரணம் கிருமின்னாரு. பெரிய டாக்டருங்க நம்பலை. 1984ல கிருமி வளத்த தண்ணியை மடக்குமடக்குன்னு அவரே குடிச்சுப்புட்டாரு! சில நாள்ல வாந்தி. குழாய் விட்டுப் பாத்தா இரைப்பை வெந்து கிடக்கு. 2005ல அவருக்கும் கூட்டாளி ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. மனுசன் கிருமியைக் குடிச்சு நிரூபிச்சதை நீ மோரைக் குடிச்சே தீக்கப் பாக்குறே.

மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கித் திங்கிறியே, அது டெஸ்ட்டுல கிருமியை ஒளிச்சு வச்சிரும், தெரியுமா? ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்டச் சொல்லி நிப்பாட்டணும். மூச்சை ஊதிப் பாக்கலாம், மலத்தைப் பாக்கலாம், குழாய் விட்டும் பாக்கலாம். மலம்னதும் மூக்கைப் பொத்துறே பாரு, நாகரிகம்!

காரைக்குடி அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. சிவகங்கையில 2012லேருந்து மெடிக்கல் காலேஜ் இருக்கு. அதுக்கும் மேல மதுரை பெரியாஸ்பத்திரி. வரவேற்பறையில மீன்தொட்டி இருந்தாத்தான் டாக்டரா? டெஸ்ட் பாத்துட்டு மருந்து எழுதுறாரா? முன்னாடி என்ன ஆன்டிபயாடிக் தின்னேன்னு கேக்குறாரா? கண்டதுக்கும் முழுங்கி முழுங்கி, நம்ம ஊர்க் கிருமி பாதி மருந்துக்கு மசியிறதில்லை. 14 நாள் மருந்து முடிஞ்சு, நாலு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட்டுக்கு வரச் சொல்றாரா? அவரு போதும்.

மூணாம் நாள் வலி நின்னதும் மாத்திரையைப் பரண்ல எறிவே, உன்னைத் தெரியாதா? வெளிக்கி கறுகறுன்னு போனாலோ, ரத்தமா வாந்தி எடுத்தாலோ மட்டும் யாரையும் தேடிக்கிட்டு இருக்காதே. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு.

காரம் ஒத்துக்கலையா? சரி, உங்க ஆத்தா வச்ச கோழிக்குழம்பை இந்தப் பக்கம் தள்ளு.