முதற்பாகத்தார்

உலகம் அழிந்த பிறகு மனிதர் எவ்வாறு உயிர் வாழ்வர் என்பதைப் பற்றி ரிஷிகளும் விஞ்ஞானிகளும் கவலைப்பட்டது போதாதென்று, போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரிகளுக்குக் கணக்கெழுதும் என் அண்டை வீட்டு அன்பர் ஒருவரும் பன்னிரண்டு ஆண்டுகளாக இடையறாது கவலைப்பட்டு வருகிறார். வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி அவருடைய தாயார் படுகிற கவலை, உலக அழிவைப் பற்றி அவர் படுகிற கவலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் இரண்டு கடைக்கு ஒருவர் வீதம் கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கும் இவரைப் போன்றவர்கள் தே தாரே ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், இவரை ஓர் ஆளாகக் கொள்ளாமல் ஒரு சம்பிரதாயமாகவே கொண்டு, 'முதற்பாகத்தார்' என்று அழைப்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதற்பாகத்தாரின் வேதம் 2013 ஜூன் மாதம் பிளேஸ்டேஷனில் அவதரித்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் வீடியோ கேம். நாட்டி டாக் என்னும் அமெரிக்க நிறுவனம் செய்தது. அதன் கதையை அவர் எனக்குக் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பதால், நான் அதை ஒரு தடவையும் ஆடாமலே ஒப்பிக்கும் வல்லமை பெற்றுவிட்டேன். எறும்பின் உடலுக்குள் புகுந்து அதை ஆட்டிவைக்கும் கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சைக் காளான், ஒரு நாள் மனிதரின் மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது; நாகரிகம் சரிகிறது. மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்னும் டெக்சாஸ்காரர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கள்ளச்சரக்குக் கடத்திப் பிழைக்கிறார். துறைமுகத்தூரில் பிறந்தவர்களுக்கு அந்தத் தொழிலின் மேல் ஓர் அலாதியான சகிப்புத்தன்மை உண்டாகையால், அன்பருக்கு அவர் மேல் அபிமானம் விழுந்ததில் ஆச்சரியமில்லை. காளான் பிடித்தவர் கடித்தும் சாகாத எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே கொண்டுபோய் வைத்தியர்களிடம் சேர்ப்பது ஜோயலுக்கு ஏற்பட்ட வேலை. சேர்த்த பிறகுதான் தெரிகிறது, மருந்து எடுக்க வேண்டுமானால் அவள் மூளையையே எடுத்தாக வேண்டும் என்பது. உலகமா, பெண்ணா என்று வந்தபோது ஜோயல் பெண்ணைத் தேர்ந்தார், வைத்தியரைக் கொன்றார், மயங்கிக் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து, விழித்ததும் ஒரு பொய்யும் சொன்னார். அந்தப் பொய்யோடு முதற்பாகம் முடிகிறது. முதற்பாகத்தாரின் வாழ்க்கை தொடங்குகிறது.

இந்த எறும்புக் காளானை விஞ்ஞான உலகம் அறிந்தது, 1859இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சுலாவெசித் தீவில் எடுத்துச் சென்ற மாதிரிகளைக் கொண்டுதான். நமக்குப் பக்கத்துக் கடல் தாண்டினால் சுலாவெசி. ஆகையால் அந்த அபாயம் அமெரிக்காவைவிடப் போர்ட் கிள்ளானுக்கே அருகில் இருக்கிறது என்பது அன்பரின் துணிபு. வாழையிலைச் சாப்பாட்டில் காளான் பிரட்டல் வந்தால், இலையின் எல்லைக்கு அதை ஒதுக்கி, அப்பளத்தால் ஒரு வேலியும் கட்டிவிடுவார். சீன மருந்துக் கடையில் அதே இனத்துக் கார்டிசெப்ஸைச் சூப்புக்கென்று கண்ணாடிச் சீசாவில் வைத்து உயர்ந்த விலைக்கு விற்பதைப் பார்க்கிறபோதெல்லாம், "காசு குடுத்து வாங்கித் திங்கிறாங்களே, அங்கிள்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்.

அவருடைய பழக்கவழக்கங்கள் முழுவதும் அந்த விளையாட்டிலிருந்து பெற்றவையே. ஜோயல் பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணில் பட்ட இழுப்பறையை எல்லாம் திறந்து பார்ப்பார்; கத்தரிக்கோலோ துணியோ ஒட்டு நாடாவோ கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படித் திறந்து பழகிய கை சும்மா இருக்குமா? பிரிக்பீல்ட்ஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு இவரைப் பெண் பார்க்க அழைத்துப் போயிருந்தார்கள். பெண் காப்பி கொண்டு வருவதற்குள், கூடத்து மேசையின் மூன்று இழுப்பறைகளையும் இவர் சுவாதீனமாகத் திறந்து, இரண்டாவதில் இருந்த கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக் கூர்மை பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அத்தோடு நின்றது. திரும்புகிற வழியில் அவர் அதைப் பற்றி வருந்தியதாகவே தெரியவில்லை. "நல்ல ஏரியா, அங்கிள். பேர்லயே செங்கல் இருக்கு" என்றார். அந்த விளையாட்டில் எதிரியின் கவனத்தைத் திருப்ப செங்கல்லைவிடச் சிறந்த சாதனம் கிடையாதாம். 1881இல் கோலாலம்பூர் தீக்கும் வெள்ளத்துக்கும் அடுத்தடுத்து இரையான பிறகு, சுவெட்டன்ஹாம் துரை அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று வற்புறுத்தியதால் சூளைகள் பெருகிய இடமே பிரிக்பீல்ட்ஸ் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். ஒரு நகரம் அழிந்து, அதன் இரண்டாம் பாகம் முதற்பாகத்தைவிட உறுதியாக எழுந்த கதை அது. ஆனால் 'இரண்டாம் பாகம்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் அன்பருடைய முகம் மாறிவிட்டது.

அந்த முகமாற்றத்தின் வரலாற்றைச் சொல்லாமல் இவருடைய சித்திரம் நிறைவு பெறாது.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில், வெளிவரவிருந்த இரண்டாம் பாகத்தின் இரகசியங்கள் எங்கிருந்தோ கசிந்து உலகமெங்கும் பரவின. அவற்றைக் கேட்க மாட்டேன் என்று அன்பர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் விரதம் இருந்தார். ஜூன் 19, வெள்ளிக்கிழமை, விளையாட்டு வெளியாயிற்று; இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய தகட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாக உள்ளே எடுத்துச் சென்றவர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நோய்க்காலம், எந்த வீட்டிலிருந்து எந்தச் செய்தி வருமோ என்று எல்லோரும் திகிலோடு இருந்த நேரம். தாயார் பதறிப்போய் ஓடி வந்தார்கள்.

"என்னய்யா ஆச்சு? யாருக்கு என்ன?"

"போயிட்டாரும்மா. அடிச்சே கொன்னுட்டாங்க. மகள் கண்ணு முன்னாலயே."

"ஐயோ கடவுளே! எந்த ஊரு?"

"டெக்சாஸ்."

அது டெக்சாஸா, தஞ்சோங் காராங்கா என்று விசாரிக்கிற நிலையில் அந்த அம்மாள் இல்லை. "அந்தப் பிள்ளைக்கு இனி யாருய்யா இருக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழவு கேட்டுட்டுச் சாப்பிடக் கூடாது, போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா" என்றார்கள். அன்பரும் மறுவார்த்தை பேசாமல் போய்த் தலைமுழுகினார் என்பதை வேலிக்கு இப்பாலிருந்து நானே பார்த்தேன்.

நடந்தது இதுதான்: முதற்பாகத்தில் ஜோயல் கொன்ற வைத்தியருக்கு ஏபி என்றொரு மகள் இருந்தாளாம். தோளும் புயமும் உரமேறி வளர்ந்த அந்தப் பெண், கோல்ஃப் ஆட்டத்து மட்டையால் எல்லியின் கண்ணெதிரில் ஜோயலை அடித்துக் கொன்றுவிடுகிறாள். அதோடு விட்டிருந்தாலும் ரசிகர்கள் அழுது ஓய்ந்திருப்பார்கள். பழி தேடிச் சியாட்டிலுக்குப் போகும் எல்லியாக மூன்று நாள் ஆட வைத்துவிட்டு, கதை திரும்பி, அதே மூன்று நாளையும் ஏபியாக இருந்து ஆடு என்று ஆட்டக்காரரின் கையில் கொடுத்துவிட்டார்கள். கொலைகாரியின் பசிக்கு நாமே சோறு தேட வேண்டும். அவள் காயத்துக்கு நாமே கட்டுப் போட வேண்டும்.

அதன் பிறகு உலகில் எழுந்த கூக்குரலை நம்முடைய வடகலை தென்கலைச் சர்ச்சைக்குத்தான் ஒப்பிட முடியும். கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று நீதிமன்றப் படி ஏறிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. விமரிசகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 93 என்று போட்டிருந்த அதே இடத்தில், பொதுஜனங்களின் மதிப்பெண் முதல் நாட்களில் பத்துக்கு நான்கைக்கூட எட்டவில்லை. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற விளையாட்டுக்கு, வெளியான சில மணி நேரத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் சுழி போட்டிருந்தார்கள். பந்தியில் இலை போடுவதற்கு முன்பே சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்து போகிற சம்பந்திகள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள் போலும். ஏபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லி என்ற நடிகைக்குக் கொலைமிரட்டல்கூட வந்தது. இது சிரிக்கக்கூடிய விஷயம் அன்று. வில்லன் வேஷம் போட்ட நடிகர் நம்பியாரை நிஜமாகவே வில்லன் என்று எண்ணிய பாமரராவது அவர் குழந்தையைக் கொல்வேன் என்று எழுதியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்த விளையாட்டு ஆண்டின் சிறந்த விளையாட்டு என்பது உட்பட ஏழு விருதுகளை வாரிக்கொண்டு போனபோது, அன்பர் அதைத் தமக்கு இழைக்கப்பட்ட தனிப்பட்ட அவமானமாகவே பாவித்தார்.

அன்று முதல் அவருடைய சித்தாந்தம் ஒன்றே: இரண்டாம் பாகம் என்று ஒன்று இல்லை. இல்லாத அந்தப் பொருளின் ஒவ்வொரு குற்றத்தையும் அவர் தலைகீழாக அறிவார் என்பதுதான் இதில் வேடிக்கை. முன்னோட்டக் காட்சியில் ஜோயலைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, ஆட்டத்தில் அதே இடத்தில் வேறொருவனை நிறுத்தியது. இருபது வருஷம் எவரையும் நம்பாமல் பிழைத்த ஜோயல், முன்பின் தெரியாதவர்களிடம் தம் பெயர் வெளிப்பட இடம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் எல்லி ஏபியை உயிரோடு விட்டுவிட்டு வந்தது. இருப்பதை நம்புகிறவன்கூட இத்தனை நுட்பமாக அதைப் பயின்றிருக்க மாட்டான். நாத்திகருக்குப் புராணத்தில் இருக்கும் புலமை இந்த வகையைச் சேர்ந்ததே.

எதிர்க்கட்சியும் நாங்கள் தேநீர் குடிக்கும் மாமாக் கடைக்கு வருவதுண்டு. மேற்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் இன்னோர் இளைஞர் அவர். இரண்டாம்பாகத்தாருக்கு உள்ள குறை வேறு மாதிரியானது. அவர் அந்த விளையாட்டு தமக்குப் பிடித்தது என்று ஒருபோதும் சொல்வதில்லை, அது 'முக்கியமான படைப்பு' என்றுதான் சொல்வார். "ஒனக்குப் புரியல மச்சான்" என்று அவர் அனுதாபத்தோடு தலையசைக்கும்போது, எனக்கே முதற்பாகத்தார் பக்கம் சாய்ந்துவிடலாமா என்று தோன்றும்.

ஒரு நாள் இருவருக்கும் மத்தியஸ்தம் செய்யும் எண்ணத்தோடு நான் பாரதத்தை எடுத்தேன். "தம்பி, 'அசுவத்தாமன் செத்தான்' என்று தருமபுத்திரர் வாயாலேயே ஒரு பொய்யைச் சொல்ல வைத்து, வில்லைக் கீழே போட்ட துரோணரைக் கொன்றார்கள். மகன் சும்மா இருந்தானா? இரவோடு இரவாகப் பாசறைக்குள் புகுந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டிச் சாய்த்தான். தகப்பனைக் கொன்றால் பிள்ளை வருவான் என்பது அந்தக் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த இரண்டாம் பாகந்தானே?" என்றேன். இப்படி ஒரு திருஷ்டாந்தத்தைச் சொன்ன பெருமிதத்தில் தேநீரை உறிஞ்சினேன்.

அன்பர் சிறிது யோசித்தார். "எல்லாம் சரி, அங்கிள். ஆனா வியாசர் பாதி மகாபாரதத்த நம்மள அசுவத்தாமனா ஆடச் சொல்லலியே!"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை; அன்றைய தேநீருக்கு நானே பணம் கொடுத்தேன்.

அந்தக் கடையின் மூலையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். 1972இல் ஊர்ப்பெயரைப் போர்ட் கிள்ளான் என்று மாற்றியதை இன்றுவரை அங்கீகரியாதவர். அவருக்கு இது போர்ட் சுவெட்டன்ஹாமேதான். 1901இல் துறைமுகம் திறந்த சில மாதங்களுக்குள் மலேரியா புகுந்து கூலிகளை வாரிக்கொண்டு போனதையும், கிள்ளானில் வைத்தியராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடிய வைத்து ஊரைப் பிழைக்க வைத்ததையும், தம் பாட்டனார் சொல்லக் கேட்டதாக அவர் சொல்லுவார். "அதெல்லாம் சுவெட்டன்ஹாம் காலம். பேர மாத்துனாங்க, ஊரு போச்சு" என்று அவர் முடிக்கும்போது, நம் முதற்பாகத்தார் என் பக்கம் குனிந்து, "பாவம் அங்கிள், தாத்தா அம்பது வருஷமா பழசுலயே நிக்கிறாரு" என்று காதோடு சொல்லிச் சிரித்தார். நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் கபடத்தின் சாயல்கூட இல்லை.

அன்பருக்கும் ஊர்ச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. 2005 ஆகஸ்டில் சுமத்திராவிலிருந்து வந்த புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிரகடனமானபோது, அவர் பன்னிரண்டு வயதுப் பள்ளிப் பையன். எதிர் வீடு தெரியவில்லை. தெருவில் ஆள் இல்லை. முகமூடி கட்டிக்கொண்டு வாசலில் நின்ற அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். அப்பா அப்போது உயிரோடு இருந்தார் என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார், நானும் கேட்டதில்லை.

2025 ஏப்ரலில் அந்தக் கதையின் தொலைக்காட்சித் தொடர் இரண்டாம் பருவத்துக்கு வந்து, ஜோயலை மறுபடியும் கொன்றது. அன்பர் மறுபடியும் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "யாருய்யா?" என்றார்கள் தாயார். "அவருதாம்மா." "அஞ்சு வருஷத்துக்கு முன்னால செத்தவரா? திதியா?" என்று கேட்டுவிட்டு, இம்முறை குளிக்கச் சொல்லாமல், "அப்படி என்னதான்யா பண்ணினாரு, ரெண்டு வாட்டி சாகறதுக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சொல்லி விளங்கவைக்க முடியாமல், அவர் விளையாட்டையே போட்டுக் காட்டினார். அங்கேதான் பிழை செய்தார். வைத்தியர் செத்துக் கிடந்த இடத்துக்கு மகள் ஓடி வந்த கட்டத்தைப் பார்த்ததும், அம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்: "அப்பன கொன்னா அவ சும்மா இருப்பாளா? நான் இருப்பேனா?" ஏபியின் புயங்களைப் பற்றி உலகம் செய்த பரிகாசமெல்லாம் அவர்களிடம் செல்லவில்லை. "நல்லா சாப்பிட்டு வளந்த பிள்ள" என்பதோடு முடிந்தது. அவளோடு கூட வரும் லெவ் என்ற பிள்ளையின் மழித்த தலையைக் கண்டவுடன், "பத்துமலைக்கு நேர்ந்துக்கிட்டாங்களா?" என்று கேட்டு, அன்று முதல் அந்தப் பிள்ளையின் க்ஷேமமே அவர்களுக்குப் பிரதானமாகிவிட்டது.

ஆகவே இப்போது சனிக்கிழமை மாலைகளில் நான் அங்கே போனால், இல்லாத இரண்டாம் பாகம் அவர்கள் கூடத்தில் நான்காவது தடவையாக நடந்துகொண்டிருக்கிறது. தாயார் முறுக்குத் தட்டோடு நாற்காலியில் அமர்ந்து, "அந்தக் கையி பெருத்த பிள்ளைய போடுய்யா, பாத்துப் போ, அடிபடுதுல்ல" என்று ஆணையிட, முதற்பாகத்தார் தரையில் சம்மணமிட்டு, தம் ஜன்ம வைரியைச் சிறு காயமும் படாமல் சியாட்டில் வீதிகளில் நடத்திச் செல்கிறார்.

"அம்மாவுக்காகத்தான் அங்கிள்" என்றார், என்னைத் திரும்பிப் பாராமலே. திரையில் ஏபி ஒரு பாழடைந்த கடைக்குள் நுழைந்து, ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்துகொண்டிருந்தாள்.